இற்றுப்போன நூல்

வெர்லீன் ஸ்டப்ஸ் எங்கள் சர்ச்சின் கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்து, தூண்டில் முள்ளில் மயிரும் நூலும் சுற்றிப் போலிப் பூச்சி கட்டும் வகுப்பில் காலியாகக் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும், அதுவரை நடந்துகொண்டிருந்த பேச்சு அப்படியே நின்றுபோனது. சர்ச் சாவி என் பொறுப்பு. குளிர்கால வியாழக்கிழமைகளில் மாலையில் போய் ஹீட்டரைப் போட்டு, காபி வைத்து, நானும் ஓர் ஓரமாக உட்கார்ந்து கட்டுவேன். அன்று எல்லோரும் வெர்லீனைப் பார்த்தார்கள். நான் ஆல்விஸ் டாலிவரைப் பார்த்தேன். வகுப்பு நடத்துகிறவன் அவன். கையில் பிடித்திருந்த கத்தரிக்கோலை மூடாமல் அப்படியே நின்றான்.

எங்கள் பக்கத்தில் மலை ஓடை கிடையாது. குட்டைகள், வளைந்து கிடக்கும் பழைய ஆற்று ஏரிகள், வெதுவெதுப்பான பழுப்புத் தண்ணீர், அவ்வளவுதான். அதில் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையான பிரிம் மீனும், வாய் பெருத்த பாஸ் மீனும் கிடக்கும். பிரிமுக்கு ஸ்பாஞ்சில் ரப்பர் கால் வைத்த சின்னச் சிலந்தி. பாஸுக்கு மான் மயிரைக் கொத்தாக முள்ளில் வைத்து, நூலை இறுக்கி இழுத்து, மயிர் விரிந்து நிற்கும்போது பிளேடால் செதுக்கித் தவளை மாதிரி உருட்டி எடுக்கிற பெரிய பூச்சி. அதை ஆல்விஸைப் போல இந்தக் கவுண்டியில் யாரும் கட்டியதில்லை. அவன் கட்டிய தவளை தண்ணீரில் விழுந்தால் நிஜத் தவளையே ஏமாந்துவிடும் என்று எங்களுக்குள் சொல்லிச் சிரிப்போம்.

ஆல்விஸும் வெர்லீனும் ஒரே பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பிறகு அவன் மரமறுக்கும் ஆலைக்குப் போனான், அவள் பள்ளி பஸ் ஓட்டப் போனாள். வழியில் பார்த்தால் கை காட்டிக்கொள்வார்கள். அந்தப் பழக்கம் இந்த வகுப்புக்கு நாலு வருஷம் முன்பு ஒரு நவம்பர் மாதம் அறுந்தது.

அன்று பொழுது சாயும் நேரம். பிள்ளைகளை இறக்கிவிட்டு வெர்லீன் காலி பஸ்ஸோடு கரைச் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு பிக்கப் ஒற்றை விளக்கோடு தாறுமாறாகப் பறந்து போனது. கொஞ்சம் தள்ளிச் சாலையோரத்தில் லைல் கிம்ப்ரோ கிடந்தான். பக்கத்தில் அவனுடைய சைக்கிள். அன்றே அவன் உயிர் போய்விட்டது. அந்த வண்டி யாருடையது என்று வெர்லீன் ஷெரீப்பிடம் சொன்னாள். ஆல்விஸின் மகன் கிளீவின் வண்டி. அவன் குடித்திருந்தான். காலையில் வீட்டுக்கே போய்ப் பிடித்தார்கள். மான் குறுக்கே பாய்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன், நிறுத்தாமல் வந்துவிட்டேன் என்றான். மான்கள் எங்கும் பாய்கிற மாதம் அது. நீதிபதி அதை நம்பினார். எட்டு வருஷம் போட்டார்.

அதிலிருந்து ஆல்விஸ் வெர்லீன் பெயரை உச்சரித்ததில்லை. கடையில் அவள் இருந்தால் வெளியே நிற்பான். அவள் வீட்டு வாசலைக் கடந்து போகும்போது வண்டியின் கண்ணாடியை இறக்கித் துப்புவான். ஊரில் பாதிப் பேர் அவன் பக்கம். பையன் மான் என்று நினைத்தான், இவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன குடி முழுகிப்போயிருக்கும் என்று அவள் காதில் விழும்படியே பேசினார்கள். கிளீவ் உள்ளே இருக்கும்போதே அவனுடைய அம்மா நோயில் விழுந்து இறந்துபோனாள். அந்தக் கணக்கையும் வெர்லீன் தலையிலேயே எழுதினார்கள்.

அப்படிப்பட்டவள் அவன் வகுப்புக்கு ஏன் வந்தாள் என்று அப்புறம் ஒருநாள் கேட்டேன். ஓய்வு பெற்றுவிட்டாள், வீட்டுக்குப் பின்னால் சொந்தக் குட்டை இருக்கிறது, புழு குத்தி அலுத்துப்போய்விட்டது, பூச்சி கட்டக் கற்றுக்கொள்ள வேறு இடம் இல்லை. அதைச் சொல்லிவிட்டு, "சர்ச் ஆல்விஸோட அப்பன் வீட்டுச் சொத்தா?" என்றாள்.

அவளை வெளியே போகச் சொல்ல ஆல்விஸுக்கு வழியில்லை. சர்ச்சில் நடப்பது, யாரும் வரலாம். அதனால் வேறு வழிகளில் காட்டினான். மேசையைச் சுற்றி ஒவ்வொருவர் தோளுக்குப் பின்னாலும் நின்று திருத்துவான். அவளிடம் வந்ததும் அடுத்த நாற்காலிக்குத் தாண்டிவிடுவான். நூல் அவிழாமல் இருக்கப் போடும் கடைசி முடிச்சை எல்லோருக்கும் மெதுவாகச் செய்து காட்டினான்; அவள் எட்டிப் பார்க்கும்போது முதுகை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தவனைப் பார்த்துச் செய்துகொண்டாள்.

வாராவாரம் தேவையானதைக் காகிதப் பைகளில் போட்டு ஆளுக்கொன்று கொடுப்பது ஆல்விஸின் வழக்கம். மயிர், இறகு, ரப்பர் கால், நூல். மான் மயிர் தொடங்கிய மாதத்தில் அவள் கையில் நூல் நிற்கவே இல்லை. மயிரை விரிய வைக்க நூலைப் பலமாக இழுக்க வேண்டும். எங்களுக்கெல்லாம் மயிர் பூப்போல விரிந்து நின்றது. அவள் இழுத்தால் படக்கென்று அறும், மயிர் மேசையெல்லாம் சிதறும். திரும்பக் கட்டுவாள், திரும்ப அறும்.

"பஸ் ஸ்டியரிங்கப் பிடிச்ச கை. அதுக்கு நூல் எங்க அடங்கும்" என்று ஆல்விஸ் யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். வெர்லீன் சிதறிய மயிரைக் கையால் கூட்டி அள்ளிப் பைக்குள் போட்டாள். முகம் சிவந்திருந்தது.

வீட்டில் கட்டிய ஒன்றிரண்டு சிலந்தியை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் வெயில் அடித்த ஒரு மதியம் தன் குட்டையில் போட்டுப் பார்த்திருக்கிறாள். முதல் பிரிம் இழுத்ததுமே பூச்சி பிரிந்து, ஸ்பாஞ்ச் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று தண்ணீரில் மிதந்ததாம். முள் மட்டும் வெறுமனே திரும்பி வந்தது. அவள் வீட்டில் தையல் மெஷின் வைத்திருப்பவள். நூலைத் தொட்டால் அவளுக்குத் தெரியும். அந்த நூலை உருளையிலிருந்து ஒரு சாண் இழுத்து விரல்களுக்கு இடையில் சுண்டிப் பார்த்தாள். தூசி போல உதிர்ந்தது.

அடுத்த வியாழன் அவள் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். ஆல்விஸ் பைகளைக் கொடுத்து முடித்ததும் தன் நூல் உருளையை எடுத்து மேசையின் நடுவில் வைத்தாள்.

"இந்த நூல்ல நீ ஒரு தவளை கட்டிக் காட்டு, ஆல்விஸ்."

தன்னிடம் தன் நூல் இருக்கிறது என்றான் அவன், அவளைப் பார்க்காமலே.

"இதுல கட்டு. எல்லாரும் பாக்கட்டும்."

அவன் கையை நீட்டவில்லை. அவளே ஒரு முழம் இழுத்துச் சுண்டினாள். அறுந்தது. இன்னொரு முழம், அதுவும் அறுந்தது. பக்கத்தில் இருந்தவனின் உருளையை எடுத்து அதே மாதிரி சுண்டினாள். அது அவள் விரலை அறுத்ததே தவிர அறவில்லை. யாரும் சிரிக்கவில்லை. 

ஆல்விஸ் மறுக்கவும் இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை நினைவில் நிற்கிறது. நேராக நிமிர்ந்து நின்று பேசினான்.

"ஆமா, நாந்தான் குடுத்தேன். பட்டறை ஜன்னல்ல வருஷக்கணக்கா வெயில்ல கெடந்த நூல். உனக்கு அது போதும். என் பையன் அங்க சிமெண்ட் தரையில படுத்துக் கெடக்கான். நீ இங்க வந்து எங்ககூட உக்காந்து காபி குடிச்சிட்டு, மான் மயிர் கட்டப் போறியா? நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா அவன் வீட்ல இருந்திருப்பான். அவங்கம்மா அவன் கையப் பிடிச்சுட்டுப் போயிருப்பா. மான்னு நெனச்சவனக் கொலகாரனாக்கினவ நீ."

வெர்லீன் எழுந்தாள். கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். படிக்கட்டு வரை போனவள் திரும்பி வந்து மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள்.

"மான்னு நெனச்சானா? ஆல்விஸ், உன் பையன் திரும்பி வந்தான்."

"என்ன?"

"லைல் அப்ப சாகல. தலைய என் மடியில வெச்சிருந்தேன். மூச்சு இருந்துச்சு. தண்ணி கேட்டான். கிளீவ் வண்டியத் திருப்பிட்டு வந்தான். எறங்கி வந்து பஸ் வெளிச்சத்துல நின்னான். நான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். கிளீவ், ஓடிப் போய் எங்கயாவது ஃபோன் பண்ணுடான்னு கெஞ்சினேன். லைல் மொகத்தப் பாத்தான். என் மொகத்தப் பாத்தான். ஏறிப் போய்ட்டான். எவனுக்கும் ஃபோன் பண்ணல. அடுத்த கார் வர்றதுக்குள்ள லைல் போய்ட்டான்."

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் கைபேசி கிடையாது. பஸ்ஸில் தகவல் சொல்லும் ரேடியோவும் கிடையாது. அவள் மடியில் இருந்த தலையை இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கவும் முடியாது.

ஆல்விஸ் பொய் என்றான். சொன்னதெல்லாம் போதாதென்று இப்போது இன்னொன்று சேர்க்கிறாள் என்றான். குரல் மட்டும் ஏறவில்லை.

"போ. அவன்கிட்டயே கேளு" என்று சொல்லிவிட்டு அவள் படியேறிப் போனாள். வகுப்பு அத்தோடு கலைந்தது. மயிரும் நூலும் அப்படியே கிடக்க, ஆளாளுக்குத் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்கள். நான்தான் கூட்டிப் பெருக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனைக்கு ஆல்விஸ் வரவில்லை. மதியம் என் வீட்டுக்கு வந்து, சிறைக்குக் கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று கேட்டான். கண் சரியில்லை, தூர வழி ஓட்டப் பயமாக இருக்கிறது என்றான். கழுகுக் கண் அவனுக்கு. கூட யாராவது இருக்க வேண்டும் என்று தோன்றியிருக்கும். நான் ஒன்றும் கேட்காமல் சாவியை எடுத்தேன். சிறையின் வாகன நிறுத்தத்தில் நான் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டான். கதவைச் சாத்திக்கொண்டான். பருத்திக் காடெல்லாம் தாண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறும்போதுதான் வாயைத் திறந்தான்.

"ஒத்துக்கிட்டான், பர்ல். மொதல்ல மான்னுதான் சொன்னான். அவ பேர் சொல்லிக் கூப்பிட்டாளான்னு கேட்டேன். தலையக் குனிஞ்சுட்டான்." கொஞ்சம் கழித்து, "அவங்கம்மா மான்னு நம்பித்தான் செத்தா" என்றான்.

அந்தக் குளிர்காலத்தில் அதற்கப்புறம் அவன் வகுப்பு நடத்தவில்லை. ஆனால் வெர்லீனிடம் போய் ஒரு வார்த்தை சொன்னானா என்றால், அதுவும் இல்லை. ஒருவனுக்குத் தான் தப்பு என்று தெரிந்துவிட்டால் கோபம் தணியும் என்று நான் நினைத்திருந்தேன். ஆல்விஸுக்கு ஏறியது.

மே மாதம் பிரிம்கள் கரையோரச் சரளையில் வாலால் வட்ட வட்டமாகக் குழி பறித்து முட்டை வைக்கும் நேரம். வெர்லீன் என்னைத் தன் குட்டைக்குக் கூப்பிட்டிருந்தாள். தன் தையல் நூலில் மெழுகு தேய்த்துக் கட்டிய சிலந்திகளை ஒரு தகர டப்பாவில் வைத்திருந்தாள். பார்க்க அவ்வளவு லட்சணம் இல்லை, ஆனால் பிரியவில்லை. குழியின் மேல் விழுந்த கையோடு லபக்கென்று ஒன்று கவ்வும். வாளி நிறைந்துகொண்டிருந்தது. அப்போது ஆல்விஸின் வண்டி புல்வெளியிலேயே ஏறி வந்து நின்றது. என்னை அவன் கண்டுகொள்ளவே இல்லை.

"நாலு வருஷமா ஏன் சொல்லல?"

சொல்லியிருந்தால் இன்னும் எத்தனையோ வருஷம் கூடப் போட்டிருப்பார்கள் என்றாள் அவள். கிளீவ் சின்ன வயசில் தினமும் அவள் பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்து வருவானாம். வண்டியைச் சொன்னதே போதும் என்று நினைத்தாளாம்.

"எனக்குச் சொல்லியிருக்கணும். ஊர் பூரா மான், மான்னு கத்திட்டுத் திரிஞ்சேன். நீ கேட்டுக்கிட்டே இருந்த. உள்ளுக்குள்ள என்னப் பாத்துச் சிரிச்சியா?"

"என் வாசல்ல துப்பிட்டுப் போறவன்கிட்ட நான் எதச் சொல்றது? சிரிக்கிற மாதிரியா இருந்துச்சு எனக்கு?"

அவளுடைய தூண்டில் கம்பின் நுனி வளைந்து தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. ஏதோ பெரியது, பாஸாக இருக்க வேண்டும். அவள் கவனிக்கவில்லை. ஆல்விஸ் கொஞ்ச நேரம் அந்த நுனியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்.

"நெட்டிக்குத் தெரியுமா?"

நெட்டி கிம்ப்ரோ லைலின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் அந்தத் தம்பியை வளர்த்தவள். என் வீட்டுக்கு எதிர்வீடு. லைல் போனதிலிருந்து சனிக்கிழமைதோறும் வெர்லீன் சோளரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போய் அவள் வராந்தாவில் உட்கார்ந்து பேசிவிட்டு வருவாள். தம்பி கடைசியில் தனியாகச் சாகவில்லை என்பதுதான் நெட்டிக்கு இருந்த ஒரே ஆறுதல். அது வெர்லீனால் வந்தது.

"தெரியாது" என்றாள் வெர்லீன்.

"அப்ப நீ என்னவிட ஒண்ணும் ஒசத்தி இல்ல."

வண்டியில் ஏறிப் போய்விட்டான். தூண்டில் நரம்பு அறுந்து கம்பு நிமிர்ந்தது. வெர்லீன் கம்பைப் புல்லில் போட்டுவிட்டு வாளியில் இருந்த மீன்களையெல்லாம் திரும்பக் குட்டையில் கொட்டினாள்.  நானும் கிளம்பினேன்.

அக்டோபரில் கிளீவைப் பரோலில் விட்டார்கள். அன்று நான் முற்றத்தில் இலை வாரிக்கொண்டிருந்தேன். ஆல்விஸின் பிக்கப் அவன் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேராக வந்து நெட்டியின் கேட்டில் நின்றது. ஆல்விஸ் இறங்கிச் சுற்றி வந்து மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டு நின்றான். உள்ளே கிளீவ் அசையவில்லை. மெலிந்து, முன்நெற்றி ஏறி, அடையாளமே மாறியிருந்தான். ஆல்விஸ் கதவைப் பிடித்தபடியே நின்றான். நான் வாரிய குவியலையே மறுபடி வாரிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் கிளீவ் இறங்கினான்.

நெட்டி வராந்தாவில் பெக்கான் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். அவன் படிக்குக் கீழே நின்றே பேசினான். ஆல்விஸ் கேட்டைத் தாண்டி உள்ளே போகவில்லை, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெளியிலேயே நின்றான். என்ன பேசினார்கள் என்று நெட்டிதான் பின்பு சொன்னாள். திரும்பி வந்ததை, பார்த்ததை, போனதை எல்லாம் அவன் சொல்லி முடிக்கும் வரை அவள் குறுக்கே பேசவில்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். நீ பார்த்தபோது என் தம்பி கண் திறந்திருந்ததா என்று. திறந்திருந்தது, என்னைப் பார்த்தார் என்றானாம். இனி இந்தப் படிக்கு வராதே என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி கொட்டை உடைக்கத் தொடங்கினாள். மன்னிப்பென்று அவனும் கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை. அப்பனும் மகனும் வண்டியில் ஏறி வீட்டுக்குப் போனார்கள்.

அந்தச் சனிக்கிழமை வெர்லீன் வழக்கம்போலச் சோளரொட்டியோடு வந்தாள். நெட்டி கம்பிவலைக் கதவுக்கு உள்ளேயே நின்றாள். தாழ் போட்டிருந்தது. இந்த முறை தெரு முழுக்கக் கேட்டது.

"அவன் பயந்துட்டு மறச்சான். நீ எதுக்கு மறச்ச?"

அந்தப் பையனுக்காக என்று வெர்லீன் தொடங்கினாள்.

"அவனுக்கு எத்தன வருஷம் போதும்னு நீ யாரு முடிவு பண்றது? லைல் என் தம்பி. ஒரு ஃபோன் பண்ணியிருந்தா பொழச்சிருப்பான். அத மனசுல வெச்சுக்கிட்டே வாரா வாரம் வந்து என் வராந்தாவுல உக்காந்து ரொட்டி தின்னியே. எப்படித் தின்ன?"

  வெர்லீன் ரொட்டித் தட்டைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். மறுநாள் வரை அது அங்கேயே கிடந்தது. நாய்கள் வந்து தின்றன.

அடுத்த சனிக்கிழமையும் வந்தாள், அதற்கடுத்ததும் வந்தாள். கதவு திறக்கவில்லை. அப்புறம் அவள் வருவது நின்றது. ஜனவரியில் நான் சர்ச்சின் கீழ்த்தளத்தைத் திறந்து ஹீட்டரைப் போட்டபோது, ஆல்விஸ் தன் பைகளோடு வந்தான். வெர்லீனும் வந்தாள். அவன் அவளுக்குக் கொடுத்த பைக்குள் இந்த முறை நல்ல நூல்தான் இருந்தது. அவன் அவள் பின்னால் நின்று, மயிரை இன்னும் கொஞ்சம் குறைத்து வை என்றான். அவள் அவன் சொன்னபடி குறைத்தாள். நன்றி சொல்லவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அவன் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தான்.